கீழடியா, செட்டிநாடா, விளாச்சேரியா, தட்சிணசித்ராவா? பழைய வாழ்க்கையைப் பார்க்க ஒருநாள் எங்கே போவது

"அந்தக் காலத்துல ஜனங்க எப்படி இருந்தாங்கன்னு பிள்ளைகளுக்குக் காட்டணும். காலையில கிளம்பி ராத்திரிக்குள்ள மதுரைக்குத் திரும்பிடணும். எங்க போகலாம்?" காலாண்டு லீவு நெருங்கும்போதும் பொங்கல் கழிந்த கையோடும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்: கீழடி, செட்டிநாடு, மண்பொம்மை செய்யும் விளாச்சேரி, சென்னைப் பக்கம் இருக்கும் தட்சிணசித்ரா. நான்கும் நல்ல இடங்கள். ஆனால் நான்கும் வேறு வேறு ஆட்களுக்கு, வேறு வேறு நாட்களுக்கு ஏற்றவை. தப்பான நாளில் தப்பான இடத்துக்குப் போனால் பெட்ரோலும் போகும், பிள்ளைகளுக்கு "பழசு" என்றாலே சலிப்பும் வந்துவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஊர்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 1891-இல் திறக்கப்பட்ட ஸ்கான்சன் இந்த வகைக்கு முன்னோடி. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, ஒரே இடத்தில் மறுபடி நிறுத்தி, அந்தக் காலத்து உடையில் ஆட்கள் ரொட்டி சுட, இரும்படிக்க, நூல் நூற்க, பார்க்க வருகிறவர்கள் அதன் நடுவே நடந்து போகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வழியில் கட்டப்பட்டது தட்சிணசித்ரா. மதுரையைச் சுற்றி அப்படி யாரும் ஊர் கட்டி வைக்கவில்லை. அதற்குப் பதில் இங்கே வேலை நிற்காத ஊர்கள் இருக்கின்றன. நாம் போனாலும் போகாவிட்டாலும் அங்கே மண் மிதிபடும், தறி ஓடும், கல் வார்க்கப்படும். மதுரைக்காரர்களுக்கு இது பெரிய கொடுப்பினை என்பது என் கருத்து. ஆனால் வேலை நடக்கும் ஊருக்குப் போவதற்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போவதற்கும் வேறு வேறு தயாரிப்பு வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் கேட்க வேண்டியது, அங்கே ஒரு கை வேலை செய்வதைப் பார்க்க முடியுமா என்பதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானையைப் பிள்ளை அரை நிமிடம் பார்க்கும். பானை வனைபவரின் விரலுக்கடியில் மண் எழும்பி வருவதை அரைமணி நேரம் அசையாமல் பார்க்கும். நான்கு இடங்களையும் இதை வைத்துத்தான் முதலில் பிரிக்கிறேன்.

இரண்டாவது, யார் யார் வருகிறார்கள் என்பது. முழங்கால் வலியுள்ள அப்பத்தா, தூளியில் தூங்கும் கைக்குழந்தை, எட்டாம் வகுப்புப் பையன் மூவரையும் ஒரே வண்டியில் ஏற்றினால், நடையும் வெயிலும் கழிப்பறையும்தான் அந்த நாளைத் தீர்மானிக்கும். குறிப்பாகக் கழிப்பறை. கைத்தொழில் கிராமங்களில் பொதுக் கழிப்பறையை நம்பிப் போகக் கூடாது.

மூன்றாவது செலவு. நுழைவுக் கட்டணம் இதில் மிகச் சிறிய பங்கு. வண்டி வாடகை, சுங்கச்சாவடி, மதியச் சாப்பாடு, அங்கே போனபின் வாங்காமல் வர முடியாத பொருட்கள், திரும்பி வந்த மறுநாள் போடும் லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நான்காவதைப் பலர் யோசிப்பதில்லை. நாம் போவது அந்த ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவா, உதவியா? பண்டிகைக்கு முந்தின வாரம் விடிய விடிய வேலை ஓடும் வீட்டில் இருபது பேர் போய் நின்றுகொண்டு, "இது எப்படிச் செய்றீங்க" என்று ஆளாளுக்குக் கேட்டால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போயிற்று. இதற்கும் விலை உண்டு, அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

## கீழடி

மதுரையிலிருந்து இராமநாதபுரம் சாலையில் சிலைமானைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஊரிலிருந்து 13 கிலோமீட்டர் போலத்தான் வரும். பைக்கிலேயே போகலாம், பஸ்ஸும் உண்டு. நேரத்தையும் பணத்தையும் பார்த்தால் நான்கில் எளியவற்றில் இதுவும் ஒன்று.

2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழகத் தொல்லியல் துறை எடுத்து நடத்துகிறது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்று காலக்கணிப்பு வந்தபின்தான் ஊர்பேர் உலகமெல்லாம் போனது. 2023 மார்ச் 5-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டுப் பாணியில் ஓடும் தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். வேளாண்மையும் நீர் மேலாண்மையும், நெசவும் அணிகலனும், கடல் வணிகம் என்று பொருள் பொருளாகப் பிரித்துக் கூடங்கள் அமைத்திருக்கிறார்கள்.

இங்கே பார்க்க வேண்டியவற்றில் என் மனம் நிற்பது சின்னப் பொருட்களில். நூல் நூற்கும் தக்களி, யானைத் தந்தத்தில் செய்த பகடைக்காய், பானை ஓட்டை உருட்டித் தேய்த்துச் செய்த வட்டுச் சில்லு. பக்கத்திலேயே "ஆதன்" என்று பெயர் கீறிய பானை ஓடு. தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த ஒருவர், நம் சிலைமான் பக்கம் இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் குடியிருந்திருக்கிறார். பாண்டி ஆடிய பிள்ளைக்கு அந்தச் சில்லைக் காட்டி, "இது எதுக்குன்னு சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். விளக்கப் பலகையைப் படிக்காமலேயே பதில் வரும்.

குறை என்னவென்றால், வேலை செய்யும் கை இங்கே இல்லை. இது வாழும் கிராமத்தைக் காட்டும் இடமில்லை, வாழ்ந்த நகரத்தின் சான்றுகளை வைத்திருக்கும் இடம். தென்னந்தோப்புக்கு நடுவே அகழாய்வு நடக்கும் மாதங்களில் போனால் நிலைமை வேறு. குழிக்குள் உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தள்ளுபவர்களைப் பார்க்கக் கிடைத்தால் அதுவே ஒரு பாடம். ஆனால் அது நம் தேதிக்கு வளைந்து வராது.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணமாக வருவதில்லை, கூட்டமாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிச் சுற்றுலாக் காலமும் சேர்ந்தால் ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் வரிசை நிற்கும், பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் உண்டு, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்தில், நிதானமாகப் பார்த்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாளை எதைக் கொண்டு நிரப்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். திருப்புவனம் புஷ்பவனேசுவரர் கோயிலும் மடப்புரம் காளி கோயிலும் அதே வழியில்தான். மடப்புரத்துக்கு வெள்ளிக்கிழமை போகாமல் இருந்தால் நெரிசல் குறையும்.

## செட்டிநாடு

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி. மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி வழியாகப் போனால் கானாடுகாத்தான் வரை 100 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒருநாள் பயணத்துக்கு இதுதான் எல்லை. காலை ஆறரைக்குக் கிளம்பாவிட்டால் பாதி ஊர்தான் பார்க்க முடியும்.

வணிகக் குடும்பங்களான நகரத்தார் இங்கே கட்டிய பெரிய பழைய வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இந்த வீடு எப்படி *நடந்தது* என்பதுதான் கதை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்தார்கள். அதைத் தாண்டி வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், மழைத்தண்ணீர் அங்கே விழும். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒன்று. கல்யாணமான தம்பதியை நகரத்தார் ஒரு புள்ளி என்று எண்ணுகிறார்கள். கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் அந்தத் தம்பதியை "வேறு வைப்பார்கள்". ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே தனி அடுப்பு, தனிச் சமையல், தனிக் கணக்கு. கூட்டுக்குடும்பம் என்றால் எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள் என்று நினைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு ஆச்சரியமாக இருக்கும். வளவில் நின்று அறைகளை எண்ணச் சொல்லுங்கள். எத்தனை புள்ளிகளுக்கு இடம் வைத்துக் கட்டினார்கள் என்று அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இங்கே வேலை செய்யும் கையும் உண்டு. ஆத்தங்குடிப் பட்டறைகளில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) செய்வதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தூரம் போகலாம். கீழே ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் குழம்பாகக் கரைத்த வண்ணச் சிமென்ட்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஒரு அறை, மஞ்சள் ஒரு அறை, கோடு தாண்டாது. பிறகு அச்சை நேராகத் தூக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் நிறம் நிறத்தோடு கலந்துவிடும், கல் வீண். தூக்கிய பின் மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு அமுக்கி மட்டப்படுத்துகிறார்கள். காய்ந்ததும் சில நாள் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். சூளை கிடையாது, தீயே கிடையாது. கடைசியில் கண்ணாடியை நீக்கும்போது அடியில் பளபளவென்று பூ தெரியும். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு ஏறியிருக்கிறது. இதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குத் திரும்பியதும் தரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கானாடுகாத்தானில் கைத்தறியும் ஓடுகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையைத் தறியிலேயே பார்க்கலாம்.

இப்போது மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன், இந்த இடத்தில்தான் அது அதிகம். போக, வர, உள்ளூரில் சுற்ற என்று 220 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பெட்ரோல் மட்டும் 15 லிட்டர் ஆகிறது. அதன்மேல் சுங்கம். பஸ்ஸில் போனால் மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடிக்கு அடிக்கடி வண்டி உண்டு. ஆனால் காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் பஸ்ஸை நம்பினால் நாள் போய்விடும். ஆட்டோவோ காரோ பேசியாக வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே பேசுங்கள்.

அடுத்தது பூட்டு. இந்த வீடுகளில் பெரும்பாலானவை பங்காளிகளுக்குப் பொதுச் சொத்து. சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்)தான் கதவு திறக்கும். கானாடுகாத்தான் அரண்மனையைப் பலர் வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் கொஞ்சம்தான். எந்த வீடு திறந்திருக்கிறது என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டை விடுதியாக்கியவர்களிடம் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்தால், சாப்பிட்ட கையோடு வீட்டையும் சுற்றிப் பார்க்க விடுவதுண்டு. சாப்பாட்டு விலை கூடுதல்தான். ஆனால் முதியவர்களுக்கு உட்கார நிழலும் கழிப்பறையும் அந்த விலைக்குள் வந்துவிடுகின்றன என்பதால் நான் அதைத் தண்டச் செலவாக நினைப்பதில்லை.

மூன்றாவது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். எனாமல் கிண்ணி, மரப்பெட்டி, பழைய பூட்டு என்று எதையாவது தூக்காமல் யாரும் வண்டி ஏறுவதில்லை. பட்ஜெட்டில் இதற்கும் ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள்.

## விளாச்சேரி

திருப்பரங்குன்றத்துப் பக்கம், மதுரையை ஒட்டிய ஊர். டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். நுழைவுச்சீட்டு கிடையாது, வாசல் வளைவு கிடையாது, காட்சிக்கூடம் கிடையாது. நான்கில் இதைத்தான் நான் அதிகம் பரிந்துரைக்கிறேன், நான்கில் மிகக் குறைவாகப் போகப்படுவதும் இதுதான்.

வேளார் குடும்பங்கள் தலைமுறையாக மண்வேலை செய்யும் தெருக்கள் இங்கே இருக்கின்றன. கொலுப் பொம்மை, விநாயகர், கார்த்திகை அகல், கிறிஸ்துமஸ் குடிலுக்கான மாட்டுத்தொழுவமும் மேய்ப்பர்களும் ஞானியரும், பொங்கலுக்குப் பானை என்று வருடம் முழுவதையும் எல்லாச் சமயத்துப் பண்டிகைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே திண்ணையில் ஒரு பக்கம் மீனாட்சி திருக்கல்யாண செட் காய்ந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் குழந்தை இயேசுவுக்கு வர்ணம் அடிப்பார்கள்.

அச்சுப் பொம்மை செய்வதைக் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். மிதித்துப் பதப்படுத்திய களிமண்ணைச் சப்பாத்தி கனத்துக்குத் தட்டி, அச்சின் இரண்டு பாதியிலும் கட்டை விரலால் அப்புகிறார்கள். மூக்கு, விரல் நுனி போன்ற குழிகளில் மண் போய் உட்கார்ந்ததா என்று விரலுக்கே தெரியும். விளிம்பில் சேற்றுக் குழம்பைத் தடவி இரண்டு பாதியையும் சேர்த்து அமுக்கி, கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரிக்கிறார்கள். சேர்ந்த இடத்தில் முளைத்திருக்கும் வரியைக் கத்தியால் சீவி, ஈரத் துணியால் துடைத்து நிழலில் வைக்கிறார்கள். நேரே வெயிலில் வைத்தால் விரிசல் விடும். அப்புறம் சூளை, அப்புறம் வர்ணம். உடம்புக்கு யார் வேண்டுமானாலும் வர்ணம் அடிக்கலாம். கண் எழுதுவது மட்டும் வீட்டில் கை தேர்ந்த ஒருவர்.

"அக்கா, பிள்ளை கொஞ்சம் மண்ணைத் தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். ஓர் உருண்டை கையில் வந்துவிடும். இந்த வாய்ப்பு கீழடியிலும் இல்லை, ஆத்தங்குடியிலும் இல்லை.

மதுரை, சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும்போது, ஊர்க்காரர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பதோடுதான் வேலை தொடங்குகிறது. ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து குதிரை. மண்வேலை செய்பவர்களிடம் இதைக் கேளுங்கள். எந்தப் பலகையிலும் எழுதி வைக்காத விஷயங்களைச் சொல்வார்கள். கண்மாய் மண் எடுக்க அனுமதிக்காக அலைய வேண்டியிருப்பதையும் சேர்த்தே சொல்வார்கள். அதையும் பிள்ளைகள் கேட்கட்டும். கைத்தொழில் எப்படி நடக்கிறது என்று காட்டப் போனோம் என்றால், அது எதனால் திணறுகிறது என்பதும் அதில் சேர்ந்ததுதான்.

தமிழைச் செம்மொழி என்று குரல் எழுப்பிய பரிதிமாற் கலைஞர் 1870-இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. வந்ததோடு அதையும் பார்த்துவிடலாம்.

இங்கே கஷ்டம் இரண்டு. முதலாவது, இது கிராமம், சுற்றுலாத் தலம் கிடையாது. உட்கார இடம், கழிப்பறை, சாப்பாடு எதையும் எதிர்பார்க்காதீர்கள், திருப்பரங்குன்றத்தில் முடித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது, போகும் நாளைப் பொறுத்து எல்லாம் மாறும். மழை நாளில் மண் காயாது, வேலை ஓடாது. பண்டிகைக்கு முந்தின வாரம் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது.

மறைசெலவு இங்கே ஒன்றே ஒன்று, அதை மனதாரக் கொடுங்கள். ஒருவர் தன் வேலையை நிறுத்தி ஒருமணி நேரம் நமக்காகச் செய்து காட்டியிருக்கிறார். ஏதாவது வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். கடையில் கேட்கும் விலையை விடக் குறைவாகத்தான் இங்கே சொல்வார்கள். பத்துப் பேருக்கு மேல் போவதாக இருந்தால் முன்பே போய்க் கேட்டு, பிள்ளைக்கு இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்வது இருவருக்கும் மரியாதை. போட்டோவுக்கும் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

## தட்சிணசித்ரா

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதன் வடிவமைப்பில் பங்காற்றினார். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நான்கிலிருந்தும் இடிக்கப்பட இருந்த வீடுகளை வாங்கி, தூண் தூணாகப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு எல்லாம் நடந்து போகும் தூரத்தில். நான்கு மாநிலத்து வாழ்க்கையை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை. சக்கரத்தில் பானை வனைவது, ஓலை பின்னுவது போன்றவற்றைப் பிள்ளைகளே செய்து பார்க்க ஏற்பாடு உண்டு. கழிப்பறை, சாப்பாடு, நிழல், வழிகாட்டும் பலகை எல்லாம் ஒழுங்காக இருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஆனால் மதுரையிலிருந்து 450 கிலோமீட்டர். ஒருநாளில் போய்வருவது என்றால் முதல்நாள் இரவு ரயில், மறுநாள் இரவு ரயில். தாம்பரத்தில் இறங்கிவிட்டால் நகரத்துக்குள் போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம். அப்படியும் அங்கிருந்து முட்டுக்காட்டுக்கு வண்டி, விடியலில் குளிக்க ஓர் அறை, நாலு பேருக்கு இருவழி டிக்கெட் என்று கூட்டிக்கொண்டே போனால், செட்டிநாட்டுப் பயணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். உள்ளே போனபின் சில செயல்முறைகளுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. இரண்டு இரவு ரயிலில் தூங்கிய பிள்ளை மதியம் இரண்டு மணிக்கு எந்த வீட்டையும் பார்க்காது.

இதற்காக மட்டும் மதுரையிலிருந்து கிளம்ப வேண்டாம் என்பேன். சென்னையில் கல்யாணமோ காது குத்தோ வந்தால், அதோடு ஒருநாளைச் சேர்த்து வைத்துக்கொண்டு போங்கள். அப்போது இது நான்கிலும் மலிவாகக்கூட முடியும்.

## ஒரே பார்வையில்

| | கீழடி | செட்டிநாடு | விளாச்சேரி | தட்சிணசித்ரா |
|---|---|---|---|---|
| மதுரையிலிருந்து | அரைநாள் | முழுநாள், விடிகாலையே கிளம்ப வேண்டும் | அரைநாள் | இரண்டு இரவு, ஒரு பகல் |
| வேலை செய்யும் கை | அகழாய்வுக் காலத்தில் மட்டும் | பூக்கல், தறி | வீட்டுக்கு வீடு | ஏற்பாடு செய்த செயல்முறைகள் |
| பிள்ளை தொட்டுச் செய்ய | இல்லை | அரிது | கேட்டால் உண்டு | உண்டு, சிலவற்றுக்குக் கட்டணம் |
| முதியவர்களுக்கு | எளிது | கார் இருந்தால் எளிது | உட்கார இடம் குறைவு | எளிது, பயணம்தான் பாரம் |
| தெரியாமல் வரும் செலவு | விடுமுறை நாள் கூட்டம் | வண்டி, சாப்பாடு, பழம்பொருள் | வாங்கும் பொம்மைகள் | ரயில், அறை, வாடகைக் கார் |
| தவிர்க்க வேண்டிய நாள் | ஞாயிறு | பட்டறை ஓடாத நாள் | மழை நாள், பண்டிகைக்கு முந்தின வாரம் | செவ்வாய் |

## யாருக்கு எது

ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விளாச்சேரி. அந்த வயதில் கைதான் படிக்கும். காலை எட்டரைக்குப் போய் வெயில் ஏறும் முன் கிளம்பிவிடலாம். தெம்பு இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ரிங் ரோடு பிடித்துக் கீழடிக்குப் போங்கள். காலையில் தன் கையால் மண்ணைப் பிசைந்த பிள்ளைக்கு, மாலையில் கீழடியின் கறுப்பு சிவப்புப் பானை வெறும் காட்சிப் பொருளாக இருக்காது. யாரோ அதை வனைந்தார்கள் என்பது புரிந்திருக்கும். இந்த இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் முழுநாளும் நிறையும், 100 கிலோமீட்டர்கூட ஓட வேண்டியதில்லை. நான் ஒருவருக்கு ஒரே ஒரு திட்டம்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீழடி தனியாகவே போதும். பாடப்புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். வேலை நாளில் போனால் அங்கே இருப்பவர்களுக்கும் பதில் சொல்ல நேரமிருக்கும்.

அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகும் நாள் என்றால் செட்டிநாடு. பிள்ளையார்பட்டியில் காலைத் தரிசனம், கானாடுகாத்தானில் வீடு, சாப்பாடு, சாயங்காலம் ஆத்தங்குடி. அந்த வீடுகளின் அடுப்படி, நெல் கொட்டி வைத்த குதிர், உரல் எல்லாவற்றையும் பார்த்து அவர்கள் சொல்லத் தொடங்கும் கதை எந்த வழிகாட்டியிடமும் கிடைக்காது. ஆத்தங்குடியைச் சாயங்காலத்துக்குத் தள்ளினால் பட்டறையில் வேலை எத்தனை மணிவரை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் வரிசையை மாற்றி, பட்டறையை முதலில் முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளுக்கு, ஒரே வாரம் லீவில் தென்னிந்தியா முழுவதையும் காட்ட வேண்டும் என்றால் தட்சிணசித்ரா பொருத்தம். அவர்கள் எப்படியும் சென்னையில்தான் இறங்குகிறார்கள்.

இந்த நான்கிலும் சேராமல் அரிட்டாபட்டியைக் கேட்பவர்களும் உண்டு. மேலூர்ப் பக்கம், 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தளமாக அறிவிக்கப்பட்ட ஊர். குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் ஒரே மலைத்தொடரில். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊரே எழுந்து நின்று, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்த மண். அவசியம் போக வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது பாறையும் கல்வெட்டும் பறவையும். கைத்தொழில் பார்க்கும் நாளில் இதைச் சேர்த்துத் திணிக்காமல், தை மாசிக் காலையில் தனியாக ஒருநாள் வையுங்கள்.

## எந்த மாதம்

சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே நடக்கும் எதுவும் பிள்ளைகளுக்கு ஆகாது. அந்த மாதங்களில் கீழடிக் கூடத்துக்குள் இருக்கலாம், செட்டிநாட்டு வளவுக்குள் இருக்கலாம். அந்த வீடுகளின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் எதற்கு என்று வெயில் நாளில்தான் உடம்புக்குப் புரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விளாச்சேரி சரிப்படாது, ஆத்தங்குடியிலும் கல் காய நாளாகும்.

விளாச்சேரிக்குச் சரியான காலம் ஆனி, ஆடி. கொலுவுக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் வேலை சூடுபிடித்திருக்கும், ஆனால் கழுத்தைப் பிடிக்கும் அவசரம் வந்திருக்காது. அந்தச் சமயத்தில் போய், வீட்டுக் கொலுவுக்கு வேண்டிய ஒரு பொம்மையைப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, பாதி முன்பணம் கொடுத்து ஆர்டர் சொல்லிவிட்டு வாருங்கள். ஆவணி கடைசியில் வாங்கப் போகும்போது சூளையும் வர்ணமும் பார்க்கக் கிடைக்கும். எந்த வீடு, யாரிடம் சொன்னோம், என்ன நிறம் கேட்டோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீசனில் அவர்களுக்கு நூற்றுக்கணக்கான பொம்மைகள் ஒரே நேரத்தில் காய்ந்துகொண்டிருக்கும்.